மனநலப் பிரிவைப் பற்றிய கொரியத் தொடரை வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்க்கலாமா?

கேள்வி: "என் தங்கைக்கு 21 வயது. ஆறு மாதமாக மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிடுகிறாள், இப்போது பரவாயில்லை. நெட்ஃபிளிக்ஸில் இருக்கும் 'டெய்லி டோஸ் ஆஃப் சன்ஷைன்' என்ற கொரியத் தொடரை எல்லோரும் சேர்ந்து பார்க்கலாம் என்கிறாள். 'இப்பதான் ஆஸ்பத்திரி வாசலை விட்டு வந்திருக்கோம், அதையே டிவியிலயும் பார்க்கணுமா' என்று அம்மாவுக்குத் தயக்கம். பார்க்கலாமா? அதில் வருவது எவ்வளவு உண்மை? பார்த்துவிட்டு என்ன பேசுவது?"

பாருங்கள். தங்கைக்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பாருங்கள். தொடரின் நடுவில் ஓர் இடத்தில் மட்டும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும், அதைக் கீழே சொல்கிறேன். அதற்காகக் கதையின் முக்கியமான திருப்பத்தை உடைக்க வேண்டியிருக்கிறது. தங்கையின் நலனுக்காகக் கேட்டிருக்கிறீர்கள் என்பதால் தயங்காமல் உடைக்கிறேன்.

நான் பதினோரு வருடமாக மனநலப் பிரிவில் செவிலியர் வேலை பார்க்கிறேன். இந்தத் தொடரை இரண்டு முறை பார்த்தேன். முதல் முறை நைட் டூட்டி முடிந்து வந்து தனியாக. இரண்டாவது முறை என் அம்மாவோடு உட்கார்ந்து. இந்த இரண்டும் ஒரே தொடர் மாதிரியே இல்லை. அதனால்தான் விரிவாக எழுதத் தோன்றியது.

2023 நவம்பர் 3 அன்று வெளிவந்த தொடர் இது, மொத்தம் 12 பகுதிகள். மனநலப் பிரிவில் செவிலியராக இருந்த இ ரா-ஹா என்பவர் வரைந்த இணையச் சித்திரக்கதைதான் மூலம். பொது மருத்துவப் பிரிவில் மூன்று வருடம் வேலை பார்த்த தா-உன் என்ற செவிலியர் மனநலப் பிரிவுக்கு மாற்றலாகி வருகிறார். பாக் போ-யங் நடித்திருக்கிறார். கொரிய மொழியில் தலைப்பின் பொருள் வேறு: 'மனநலப் பிரிவிலும் காலை வருகிறது.' ஆங்கிலத் தலைப்பு மருத்துவமனையை மறைத்துவிட்டது, கொரியத் தலைப்பு அதைத் தலைவாசலிலேயே வைக்கிறது. முதல் பகுதியிலேயே அதற்குக் காரணமும் வந்துவிடும். இந்தப் பிரிவில் ஜன்னல்களுக்குத் திரைச்சீலை கிடையாது, அதனால் மற்ற வார்டுகளை விட இங்கேதான் வெளிச்சம் சீக்கிரம் வருகிறது. திரைச்சீலை ஏன் இல்லை? நோயாளிகளின் பாதுகாப்புக்காகத்தான். நாங்கள் தினமும் பார்க்கிற ஒரு பாதுகாப்பு விதியிலிருந்து அப்படி ஒரு தலைப்பை எடுத்திருக்கிறார்களே என்று எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

எவ்வளவு உண்மை என்று கேட்டீர்கள். வார்டின் நடைமுறை பெரும்பாலும் சரியாக இருக்கிறது. உள்ளே வருபவர்களின் பையைச் சோதித்து பெல்ட், ஷூ லேஸ், கண்ணாடிப் பொருள் என்று எடுத்து வைப்பது, பூட்டிய கதவு, சத்தம் கேட்டதும் எல்லோரும் ஒரே பக்கம் ஓடுவது எல்லாம் அப்படியே. அதைவிட உண்மையான ஒன்று, புதிதாக வந்த தா-உன் செய்யும் தவறு. ஒவ்வொரு நோயாளியிடமும் அளவுக்கு மீறி அன்பு காட்டுகிறார். ஒருவரோடு பேச உட்கார்ந்தால் அடுத்தவரின் நேரத்தை மறந்துவிடுகிறார், கூட வேலை செய்பவர்கள் அவருடைய வேலையையும் சேர்த்து இழுக்க வேண்டியிருக்கிறது. முதல் வருடம் நானும் இப்படித்தான் இருந்தேன். தலைமைச் செவிலியராக வரும் சோங் ஹ்யோ-ஷின் அவரைத் திட்டாமல் திருத்துகிற விதத்தைப் பார்த்து, எனக்கு வேலை கற்றுக்கொடுத்த சீனியர் சிஸ்டரை நினைத்துக்கொண்டேன்.

உண்மைக்குத் தள்ளி இருப்பவற்றையும் சொல்ல வேண்டும். தொடரில் ஒரு நோயாளியின் கதை ஓரிரு பகுதிகளில் ஓரளவு முடிந்துவிடுகிறது. நிஜத்தில் மனச்சோர்வு மாத்திரை வேலை செய்வது தெரியவே இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும், சிலருக்கு அதற்கு மேலும். முதல் மருந்து ஒத்துக்கொள்ளாமல் இரண்டாவதுக்கு மாற்றுவது, வாய் உலர்வது, தூக்கம் கலைவது, எடை கூடுவது, இந்தச் சலிப்பான நாட்கள் தொடரில் அதிகம் இல்லை. ஆறு மாதமாக மாத்திரை சாப்பிடும் உங்கள் தங்கைக்கு அந்த நாட்கள் நன்றாகத் தெரியும். "டிவியில் சீக்கிரம் சரியாகிவிட்டதே, உனக்கு ஏன் இவ்வளவு நாள்" என்று வீட்டில் யாரும் கேட்டுவிடக் கூடாது. இன்னொன்று, காட்டப்படுவது ஒரு பல்கலைக்கழக மருத்துவமனையின் வெளிச்சமான பிரிவு. கொரியாவின் மனநலப் படுக்கைகளில் மிகப் பெரும்பங்கு தனியார் மருத்துவமனைகளில் இருக்கிறது, வருடக்கணக்கில் உள்ளேயே தங்கிவிடுபவர்களும் உண்டு. அந்த உலகத்துக்குள் தொடர் போகவில்லை. காதல் கதைகளும் இருக்கின்றன, அவற்றைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

அம்மாவோடு பார்ப்பதால் முதல் பகுதிக்கு முன்பே ஒரு விஷயத்தை அவரிடம் சொல்லிவிடுங்கள். அதில் ஓ ரி-னா என்ற பெண் வருகிறார். வசதியான குடும்பம், அம்மா பார்த்துப் பார்த்து அமைத்துக் கொடுத்த வாழ்க்கை. அவருக்கு இருமுனை நோய், பைபோலார் என்று சொல்வது. மகளுடைய எல்லா முடிவையும் அம்மாவே எடுத்ததை அந்தப் பகுதி அழுத்திக் காட்டுகிறது. என் அம்மா பாதியிலேயே, "அப்ப அம்மாக்கள்தான் காரணம்ங்கிறாங்களா" என்று கேட்டார். குரலில் கோபத்தை விட வலிதான் இருந்தது. அம்மா வளர்த்த விதத்தால் இருமுனை நோய் வந்துவிடாது. பரம்பரைக்கு அதில் பெரிய பங்கு உண்டு. மன அழுத்தம் நோயைத் தூண்டலாம், கூட்டலாம், அவ்வளவுதான். மனச்சோர்வும் ஒற்றைக் காரணத்தால் வருவதில்லை. உங்கள் அம்மா இந்த ஆறு மாதமும் "நான் எங்கே தப்பு பண்ணினேன்" என்று தனக்குள் கேட்டுக்கொண்டே இருந்திருப்பார். டிவியில் அதையே பார்க்கணுமா என்ற அவருடைய தயக்கத்துக்குள் இந்தப் பயமும் இருக்கலாம். முன்கூட்டியே சொல்லிவிட்டால் அவரால் ரி-னாவின் அம்மாவை இன்னொரு பெண்ணாகப் பார்க்க முடியும்.

நோய்களை உள்ளிருந்து காட்டுவதில்தான் இந்தத் தொடரின் பலம் இருக்கிறது. தா-உன்னின் சிறுவயது நண்பர் யூ-சானுக்குப் பீதி நோய். பெரிய நிறுவன வேலையை விட்டுவிட்டுப் பெற்றோரின் கோழிக்கறிக் கடையில் டெலிவரி செய்கிறார். பீதி வரும் நேரத்தில் அவரைச் சுற்றித் தண்ணீர் ஏறி, மூழ்கியே போவது போலக் காட்டுகிறார்கள். பக்கத்தில் இருப்பவர்களுக்கு எதுவும் தெரியாது. பீதி நோய் உள்ளவர்கள் எங்களிடம் வருவதற்கு முன்பு இதய மருத்துவரிடம் பலமுறை போய்வந்திருப்பார்கள். ஈசிஜி சரியாக இருக்கும். "ஒன்றும் இல்லை, தைரியமாக இரு" என்று வீட்டில் சொல்வார்கள். மூச்சுக்குத் தவிக்கும் ஒருவரிடம் ஒன்றும் இல்லை என்று சொன்னால் அவருக்கு எப்படி இருக்கும் என்று அந்தத் தண்ணீர்க் காட்சியைப் பார்த்துத்தான் என் அம்மாவுக்குப் புரிந்தது. அந்த இடத்தில் நிறுத்திவிட்டு, "உனக்கு எப்படி இருந்தது, இதே மாதிரியா, வேற மாதிரியா?" என்று தங்கையிடம் கேட்கலாம். அவளுக்கு வேறு மாதிரி இருந்திருக்கலாம். ஆனால் "இது மாதிரி இல்லை, இன்னும்..." என்று ஆரம்பிக்க அவளுக்கு ஒரு பிடி கிடைக்கும்.

இப்போது ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய இடம்.

கிம் சோ-வான் என்று ஒரு நோயாளி வருகிறார். அரசு வேலைத் தேர்வுக்குப் பல வருடம் படித்துத் தோற்று, ஒரு கணினி விளையாட்டின் உலகத்துக்குள் வாழ்வதாக நம்பும் இளைஞர். தா-உன்னை 'மத்தியஸ்தரே' என்று மரியாதையோடு கூப்பிடுவார். பார்க்கிற எல்லோருக்கும் அவரைப் பிடித்துவிடும், எனக்கும் பிடித்தது. சியோலில் நோர்யாங்ஜின் என்ற பகுதி முழுக்க இந்தத் தேர்வுக்கான பயிற்சி மையங்களும் சின்னச் சின்ன வாடகை அறைகளும்தான். டிஎன்பிஎஸ்சிக்குப் படித்துக்கொண்டே வயதைக் கழித்த ஒருவர் நம் தெருவிலும் இருப்பார் என்பதால் சோ-வானைப் புரிந்துகொள்ள நமக்குக் கொரியா தெரிந்திருக்க வேண்டியதில்லை. அவர் தேறி வீட்டுக்குப் போகிறார், பிறகு உயிரை மாய்த்துக்கொள்கிறார். தொடரின் நடுப்பகுதி முழுவதும் அந்த மரணத்தின் பாரம்தான்.

இது கதைக்காகச் சேர்த்த அதிர்ச்சி இல்லை. மனநலப் பிரிவிலிருந்து டிஸ்சார்ஜ் ஆன முதல் சில வாரங்கள்தான் மிகவும் ஆபத்தான காலம் என்பது இந்தத் துறையில் உள்ள எல்லோருக்கும் தெரிந்த உண்மை. வளர்ந்த நாடுகளின் ஓஇசிடி அமைப்பில் தற்கொலை விகிதம் கொரியாவில்தான் அதிகம். 2023இல் மட்டும் 13,978 பேர், ஒரு லட்சம் பேருக்கு 27.3. அந்த நாட்டில் இப்படி ஒரு தொடர் எடுப்பவர்கள் இதைத் தொடாமல் போயிருந்தால் அது நேர்மையாக இருந்திருக்காது. ஆனால் உங்கள் வீட்டில் இதைப் பார்ப்பது வேறு விஷயம். சோ-வானின் டிஸ்சார்ஜ் பற்றிய பேச்சு வந்ததும், அடுத்து என்ன வரப்போகிறது என்று தங்கையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இதைத் தாண்டிப் போகலாமா, இன்னொரு நாள் பார்க்கலாமா என்று அவளே முடிவு செய்யட்டும். ராத்திரியில் வேண்டாம், பகலில் பாருங்கள், பார்த்த கையோடு தனியாகத் தூங்கப் போகும்படி விடாதீர்கள். அன்று "உனக்கு அப்படி எண்ணம் வந்திருக்கிறதா?" என்று நேராகக் கேட்பதிலும் தவறில்லை. கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். வராது. கேட்கப்பட்டவர்கள் பெரும்பாலும் பெருமூச்சு விட்டுவிட்டுப் பேசத்தான் செய்கிறார்கள், இதை நான் வார்டில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

'ஆமாம்' என்று பதில் வந்தால் பதறாமல், திட்டாமல், சத்தியம் வாங்காமல் உட்கார்ந்து கேளுங்கள். தனியாக விடாதீர்கள், மருத்துவரை அன்றே கூப்பிடுங்கள். மருத்துவர் கிடைக்காவிட்டால் 14416, டெலிமானஸ் என்ற அரசு உதவி எண், இரவு பகல் எப்போதும் கிடைக்கும், தமிழிலேயே பேசலாம். கையில் இருக்கும் மாத்திரையை அம்மாவின் பொறுப்பில் வைத்து வேளாவேளைக்குக் கொடுப்பதும் நல்லது.

சோ-வானுக்குப் பிறகு வருவதுதான் இந்தத் தொடரை மற்ற மருத்துவமனைக் கதைகளிலிருந்து பிரிக்கிறது. தா-உன் அந்தச் சாவைத் தாங்க முடியாமல் உடைந்து, தானே நோயாளியாகிறார். வேறொரு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் அவருடைய அம்மா அவரைச் சேர்க்கிறார். அங்கே அவர், "நான் செவிலியர், இவர்களைப் போல இல்லை" என்கிற மனநிலையில்தான் இருக்கிறார். அத்தனை நாள் நோயாளிகளிடம் இது வெட்கப்பட வேண்டிய நோய் இல்லை என்று சொல்லி வந்தவருக்கே தன் முறை வரும்போது ஏற்க முடியவில்லை. இந்தப் பகுதிகளை முதல் முறை பார்த்தபோது அடுத்த நாள் டூட்டிக்குப் போக எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. நோயாளிகளிடம் நான் சொல்லும் ஆறுதலில் எவ்வளவு எனக்கும் பொருந்தும் என்று நான் நம்புகிறேன் என யோசித்தேன்.

வீட்டார் சம்மதத்தோடு ஒருவரைச் சேர்ப்பது கொரியாவில் பெரிய விவாதம். முன்பு பாதுகாவலர்களின் சம்மதமும் ஒரே ஒரு மருத்துவரின் முடிவும் போதும். அது அரசியலமைப்புக்குப் பொருந்தாது என்று 2016 செப்டம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம் சொன்னது. 2017 மே மாதம் நடைமுறைக்கு வந்த புதிய சட்டப்படி, தொடர்ந்து உள்ளே வைத்திருக்க வேறொரு மருத்துவமனையின் மனநல மருத்துவரும் ஒப்புக்கொள்ள வேண்டும். மகளைச் சேர்த்துவிட்டு வெளியே வரும் அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்கும்போது இந்தச் சட்டத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவரின் விருப்பத்துக்கு மாறாகக் கதவைப் பூட்டுவது அன்பினால் செய்தாலும் லேசான காரியம் இல்லை.

தேறி மறுபடி வேலைக்கு வரும் தா-உன்னுக்குப் பெரிய எதிர்ப்பு நோயாளிகளின் உறவினர்களிடமிருந்து வருகிறது. மனநோய் வந்தவர் எங்கள் பிள்ளையை எப்படிப் பார்த்துக்கொள்வார் என்று கேட்கிறார்கள். தங்கள் பிள்ளைகளுக்கும் அதே நோய்தான், தேறி வேலைக்குப் போக வேண்டும் என்று ஏங்குபவர்களும் அவர்கள்தான். இந்த இடத்தில் கொஞ்சம் கொரியப் பின்னணி தெரிந்தால் நல்லது. 2018 டிசம்பர் 31 அன்று சியோலில் இம் செ-வொன் என்ற மனநல மருத்துவரை அவரிடம் வந்த நோயாளி ஒருவரே கொன்றுவிட்டார். நாடே பயந்த நாட்கள் அவை. அப்போது அவருடைய குடும்பத்தார் வைத்த வேண்டுகோள் இரண்டு: மருத்துவர்களுக்குப் பாதுகாப்பான சூழல் வேண்டும், மனநோய் உள்ளவர்கள் அவப்பெயர் இல்லாமல் எளிதாகச் சிகிச்சை பெற வேண்டும். கணவரை, அண்ணனை இழந்த வீட்டிலிருந்து அந்த இரண்டாவது வேண்டுகோள் வந்தது. அதை நினைத்துக்கொண்டு அந்த எதிர்ப்புக் காட்சியைப் பார்த்தால் உறவினர்கள் மேல் வரும் கோபம் குறைந்து, அவர்களின் பயம் புரியும்.

தலைமைச் செவிலியரின் தங்கைக்கு ஸ்கிசோஃப்ரினியா. தமிழில் மனச்சிதைவு என்கிறோம். கொரிய மொழியிலும் முன்பு 'மனம் பிளவுபடும் நோய்' என்ற பொருளில்தான் பெயர் இருந்தது. அந்தப் பெயரே மக்களைப் பயமுறுத்துகிறது என்று நோயாளிகளின் குடும்பங்களும் மருத்துவர்களும் முயற்சி எடுத்து 2011இல் மாற்றினார்கள். புதிய பெயர் 'ஜோஹியோன்-பியோங்', நரம்பு வாத்தியத்துக்குச் சுருதி சேர்ப்பது என்பதிலிருந்து எடுத்த சொல். சுருதி கலைந்திருக்கிறது, சேர்த்தால் மறுபடி வாசிக்கலாம். வீணையும் தம்பூராவும் தெரிந்த நமக்கு இதை விளக்கவே வேண்டாம். 'சிதைவு' என்ற சொல்லை நானும் பல வருடமாக கேஸ் ஷீட் பார்த்து உறவினர்களிடம் சொல்லியிருக்கிறேன், சொன்னதும் அவர்கள் முகம் இறுகிப்போவதையும் பார்த்திருக்கிறேன். தமிழிலும் நல்லதாக ஒரு சொல் வர வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன்.

கொரியர்களுக்கு 'எஃப் கோட்' என்றாலும் பயம். கொரியாவில் பயன்படுத்தும் நோய்ப் பட்டியலில் மனநோய்களின் எண்கள் எஃப் என்ற எழுத்தில் தொடங்கும். அது ஆவணத்தில் ஏறினால் தனியார் காப்பீடு கிடைக்காது, வேலைக்குப் பாதகம் என்று பயந்து, முழுப் பணத்தையும் கையிலிருந்து கட்டி வைத்தியம் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். நம் வீட்டில் இதே பயம் கல்யாணப் பேச்சில் வந்து நிற்கும். உங்கள் அம்மாவின் மனதிலும் இருந்தால் தொடர் பார்க்கும் சாக்கில் அது வெளியே வரட்டும். ஆனால் தங்கை இல்லாத நேரத்தில் நீங்களும் அம்மாவும் மட்டும் பேசுங்கள்.

பேசுவது பற்றிக் கடைசியாகக் கேட்டிருந்தீர்கள். எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: தங்கையைப் பற்றிப் பேசாமல் தா-உன்னைப் பற்றிப் பேசுங்கள். "தா-உன் ஏன் அம்மாகிட்ட முதல்லயே சொல்லலை?" என்று அம்மா கேட்கலாம். "அந்த அம்மா என்ன சொல்லியிருந்தா அவளுக்கு நல்லா இருந்திருக்கும்?" என்று நீங்கள் கேட்கலாம். பதில் தா-உன்னுக்காக வந்தாலும் யாருக்காக வருகிறது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். உடனே "அப்ப நீயும் அப்படித்தான் நினைச்சியா" என்று திருப்பிவிடாதீர்கள், கதவு சாத்திக்கொள்ளும். என் அம்மாவோடு பார்த்தபோது, சிகிச்சையில் இருக்கும் தா-உன் தன்னையே பாராட்டி டைரி எழுதும் இடம் வந்தது. சின்னச் சின்ன விஷயங்களுக்காகத் தன்னை மெச்சிக்கொள்ளும் குறிப்புகள். அம்மா ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "எங்க அக்காவுக்கு இப்படி யாராவது எழுதச் சொல்லியிருந்தா..." என்றார். பெரியம்மாவுக்கு என்ன ஆனது என்று எங்கள் வீட்டில் முப்பது வருடமாக யாரும் பேசியதில்லை.

ஒரு நாளைக்கு ஒரு பகுதி போதும். வீட்டில் யாருக்கு என்ன நோய் என்று பார்த்துக் கண்டுபிடிக்கும் விளையாட்டு வேண்டாம். பக்கத்து வீட்டாரையோ உறவுக்காரர்களையோ சேர்த்துக்கொண்டு பார்க்க வேண்டாம். தங்கை நடுவில் எழுந்து போனால் ஏன் என்று கேட்காமல் நிறுத்தி வையுங்கள்.

உங்கள் கேள்வியில் நான் முதலிலேயே கவனித்த ஒன்று உண்டு. தொடரைப் பார்க்கக் கேட்டது உங்கள் தங்கை, அதுவும் தனியாக இல்லாமல் எல்லோரும் சேர்ந்து பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். அனேகமாக அவள் இதை ஏற்கெனவே பார்த்துவிட்டாள். அம்மாவும் நீங்களும் பார்க்க வேண்டிய காட்சி ஒன்று அவள் மனதில் இருக்கிறது. அது எதுவென்று அவளிடம் கேட்க வேண்டாம். எந்த இடத்தில் அவள் திரையை விட்டுவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்க்கிறாள் என்று மட்டும் கவனித்துக்கொண்டே இருங்கள்.